டைல்டில் சரியாக இருக்கிறது, கேமில் இல்லை: மேப் எக்ஸ்போர்ட் கோளாறுகளை எங்கே தேடுவது

பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு டைலுக்கு (மேப்பைக் கட்டும் சிறு சதுரப் படத்துக்கு) 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, கேம் மேப் வரையும் டைல்டு எடிட்டரில் ராமேஸ்வரம் தீவை இந்த இரு முனைகளுக்குள் வரைய உட்கார்ந்தால், கிழக்கு மேற்காக 2,600 டைல், வடக்கு தெற்காக 1,500 டைல் தேவைப்படும். வடக்கே பெண்கடல் (பாக் நீரிணை), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா), இரண்டுக்கும் நடுவே நீளமான மணல் திட்டு. எடிட்டரில் பார்க்க அம்சமாக இருக்கும். எக்ஸ்போர்ட் செய்து, பிரௌசர் கேம்களுக்கான ஃபேசர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பிலோ, மேப்பைப் படிக்க நாமே எழுதிய லோடரிலோ ஏற்றும்போதுதான் வினை. திரை கறுப்பாக நிற்கும். இல்லாவிட்டால் தனுஷ்கோடி தேவாலயச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் பனைமரத்தின் பாதி நிற்கும். அதுவும் இல்லாவிட்டால் கரையில் கிடக்கவேண்டிய வத்தைகள் (படகுகள்) எல்லாம் ஒரு முழம் கீழே இறங்கிக் கிடக்கும்.

இப்படி ஆனதும் எல்லோரும் எக்ஸ்போர்ட் மெனுவைத்தான் சந்தேகிக்கிறார்கள். அங்கே தப்பு நடப்பது குறைவு. மேப் நான்கு இடங்களைக் கடந்து வருகிறது: எடிட்டரில் இருக்கும் டிஎம்எக்ஸ் ஃபைல், எக்ஸ்போர்ட் ஆன ஜேசன் ஃபைல், அதைப் படிக்கும் லோடர், கடைசியாகத் திரை. கோளாறு எந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது, வலை எங்கே கிழிந்தது என்று பாராமல் மொத்தத்தையும் திரும்பப் பின்னுவது மாதிரி. ஜேசன் ஃபைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். அதில் தப்பு இருந்தால் டைல்டு பக்கம் போகவேண்டும், சரியாக இருந்தால் லோடர் பக்கம்.

திறப்பதற்கு முன்னால், கேம் படிப்பது அந்த ஃபைலைத்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ட்ரோல்-எஸ் சேமிப்பது டிஎம்எக்ஸை மட்டும். ஜேசன் பழையபடியே கிடக்கும். கண்ட்ரோல்-இ அழுத்தினால்தான் முன்பு எக்ஸ்போர்ட் செய்த அதே இடத்தில் புதிது எழுதப்படும். பிரிஃபரன்சஸில், சேமிக்கும்போதெல்லாம் கடைசி எக்ஸ்போர்ட்டைத் திரும்பச் செய் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். பிரௌசர் கேஷ், அதாவது முன்பு இறக்கிய ஃபைலையே பிரௌசர் எடுத்துக் கொடுப்பது, இரண்டாவது சந்தேகம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் கேஷை நிறுத்தும் டிக் உண்டு, ஆனால் அந்தப் பலகம் திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும். எதைப் படிக்கிறது என்று தீர்மானமாகத் தெரியவேண்டுமானால், மேப் பிராப்பர்ட்டியில் ‘பதிப்பு’ என்று ஓர் எண் சேர்த்து, கேம் தொடங்கும்போது அதைக் கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் எண்ணை ஒன்று கூட்டினால் போதும், ஐயம் தீர்ந்தது.

ஹெச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் ஜேசன் ஏறவே ஏறாது. பிரௌசர் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும். பைத்தானோடு வரும் சின்ன ஹெச்டிடிபி சர்வரை அந்த ஃபோல்டரில் ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் 8000 வழியாகத் திறக்கவேண்டும்.

இனி ஜேசனுக்குள். முதலில் ‘டைல்செட்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். டைல்செட் என்பது டைல்களை எடுக்கும் படமும் அதன் விவரமும். ஒவ்வொரு டைல்செட்டுக்கும் ‘ஃபர்ஸ்ட்ஜிஐடி’ என்ற எண்ணும், அதோடு ‘சோர்ஸ்’ என்று ஒரு டிஎஸ்எக்ஸ் ஃபைலின் பெயரும் மட்டுமே இருந்தால், உங்கள் டைல்செட் வெளியே தனி ஃபைலாக இருக்கிறது என்று பொருள். ஃபேசர் அதைப் படிக்காது. கன்சோலில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எழுதிவிட்டு மேலே போய்விடும், திரையில் ஒன்றும் வராது. தீர்வு: எடிட், பிரிஃபரன்சஸ், ஜெனரல் பகுதியில் எக்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸ் என்பதன் கீழ் ‘எம்பெட் டைல்செட்ஸ்’. திரும்ப எக்ஸ்போர்ட் செய்தால் ‘சோர்ஸ்’ போய், ‘இமேஜ்’, ‘காலம்ஸ்’, ‘டைல்கவுண்ட்’ எல்லாம் அங்கேயே வந்து உட்காரும். இதே பெயரில் டைல்செட் பலகத்திலும் ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். அது டிஎம்எக்ஸுக்குள்ளேயே டைல்செட்டைப் புதைத்துவிடும். பாம்பன் மேப்பும் ராமேஸ்வரம் மேப்பும் ஒரே கடற்கரை டைல்செட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தால், அந்த நிமிடத்திலிருந்து இரண்டும் தனித்தனி வழியில் போகத் தொடங்கும். பிறகு ஒன்றில் திருத்திய மோதல் குறி மற்றதில் இருக்காது.

எம்பெட் செய்தும் ஒன்றும் தெரியவில்லையா? ஃபேசரில் டைல்செட் படத்தைச் சேர்க்கும் கட்டளையில் முதலில் வருவது, டைல்டில் அந்த டைல்செட்டுக்கு வைத்த பெயர். இரண்டாவது, நீங்கள் படத்தை லோட் செய்தபோது கொடுத்த சாவிப்பெயர். பலரும் முதல் இடத்தில் படத்தின் ஃபைல் பெயரைப் போடுகிறார்கள். ஜேசனில் ‘நேம்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். லேயர்களை (மேப்பின் அடுக்குகளை) குரூப்பில் போட்டிருந்தால் பெயர் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். ‘கடல்’ என்ற குரூப்புக்குள் ‘அலை’ இருந்தால் ஃபேசருக்கு அதன் பெயர் ‘கடல்/அலை’.

தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காற்றுக்கு ஒரு ஆப்ஜெக்ட் லேயர் (டைல் கட்டத்துக்குக் கட்டுப்படாமல் பொருள்களை வைக்கும் அடுக்கு) வைத்து, அதற்குக் ‘கொண்டல்’ என்று பெயர் கொடுக்கிறீர்கள். நிரலில் ‘கொண்டல்’ என்று தேடினால் லேயர் இல்லை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ஆனால் யூனிகோடில் ‘கொ’ இரண்டு விதமாக எழுதப்படலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி இரண்டு எழுத்தாக வைப்பது இன்னொன்று. எந்த விசைப்பலகை எப்படி எழுதும் என்பது அந்தந்த விசைப்பலகையைப் பொறுத்தது. கன்சோலில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். முதல் விதத்தில் 7 வரும், இரண்டாவதில் 8. ‘தோணி’ என்றால் 4 அல்லது 5. ஜாவாஸ்கிரிப்டுக்கு இவை வேறு வேறு சொற்கள்.

இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்துவிட்டு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஔகாரம் மட்டும் தீராது. ‘கௌ’ என்பதை ஒற்றைக் கொம்போடு ‘ள’ சேர்த்து யாராவது தட்டியிருந்தால், அது யூனிகோடுக்கு வெறும் ‘கெள’தான், எந்த நார்மலைஸும் அதைத் திருத்தாது. ஆகவே லேயர், ஆப்ஜெக்ட் டைப், ஃபைல் பெயர் ஆகியவற்றைச் சின்ன ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, திரையில் காட்டவேண்டிய தமிழைத் தனியாக ஒரு பிராப்பர்ட்டியில் வைப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. தமிழ்ப் பற்றுக்கு இதனால் ஒன்றும் குறைவு வந்துவிடாது.

அந்தத் தமிழைத் திரையில் காட்டும் இடத்திலும் ஒரு சங்கடம். ‘தெற்குவாடி’ என்று பெயர்ப்பலகை வைத்தீர்கள். கேமில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எக்ஸ்போர்ட் கெடுத்துவிட்டதென்று நினைப்பீர்கள். ஜேசனில் எழுத்து சரியாகத்தான் இருக்கும். யூனிகோட் வரிசையில் முதலில் ‘த’, பிறகுதான் கொம்பு. அதை முன்னால் நகர்த்தி வைப்பது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. பிட்மேப் ஃபான்ட் அந்த வேலையைச் செய்யாது, வந்த வரிசையில் படத்தை ஒட்டிக்கொண்டே போகும். சாதாரண டெக்ஸ்ட் ஆப்ஜெக்டைப் பயன்படுத்தினால் பிரௌசரே கோத்துக் கொடுத்துவிடும்.

அடுத்தது லேயர் டேட்டா. ஜேசனில் ‘டேட்டா’ என்பதன் எதிரே சதுர அடைப்புக்குள் எண்கள் வரிசையாக இருந்தால் அது சிஎஸ்வி. மேற்கோள் குறிக்குள் புரியாத நீள எழுத்துக்கோவை இருந்தால் பேஸ்64. பேஸ்64 என்றால் பக்கத்திலேயே ‘கம்ப்ரஷன்’ என்று இருக்கும், அதில் ஜீலிப், ஜீஜிப், ஜீஸ்டாண்டர்ட் ஆகியவற்றில் ஒன்றோ வெறுமையோ இருக்கும். ஃபேசர் படிப்பது சிஎஸ்வியையும் சுருக்காத பேஸ்64-ஐயும் மட்டும். சுருக்கிய லேயரைப் பார்த்தால் ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். மணல் லேயர் வருகிறது, கடல் லேயர் மட்டும் வரவில்லை என்றால் உடனே பார்க்கவேண்டியது இந்த இடம். மாற்றுவதற்கு மேப் பிராப்பர்ட்டிஸில் ‘டைல் லேயர் ஃபார்மேட்’ இருக்கிறது.

சுருக்கமாக இருக்கட்டுமென்று பேஸ்64-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன தீவு மேப்பில் ஒரு லேயருக்கு 2,600 × 1,500 = 39 லட்சம் கட்டம். சிஎஸ்வியில் காலிக் கட்டம் ஒன்றுக்கு ஒரு பூஜ்யமும் ஒரு காற்புள்ளியுமாக 2 பைட், அதாவது முழுக்கக் காலியான லேயர் 78 லட்சம் பைட். பேஸ்64-இல் காலியோ நிறைவோ, கட்டத்துக்கு 4 பைட். அதை எழுத்தாக்கும்போது மூன்றுக்கு நான்காக வீங்கி 5.33 பைட் ஆகும். மொத்தம் 2 கோடியே 8 லட்சம் பைட். பாதிக்கு மேல் கடலாக இருக்கும் நம் ஊர் மேப்புக்குச் சிஎஸ்விதான் சிறியது. எக்ஸ்போர்ட் ஆப்ஷனில் ‘மினிமைஸ் அவுட்புட்’ போட்டால் இடைவெளிகளும் வரிமுறிவுகளும் போய்விடும். சர்வர் பக்கத்தில் ஜீஜிப் ஓடினால், வரிசையாக வரும் பூஜ்யங்கள் கடுகாகச் சுருங்கிவிடும்.

ஆனாலும் போனில் திறந்தால் கேம் விழுந்துவிடும். ஃபைல் அளவு இதற்குக் காரணமில்லை. ஃபேசர் ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் ஒரு டைல் ஆப்ஜெக்ட் கட்டுகிறது, காலிக் கட்டத்துக்கும் சேர்த்து. 39 லட்சம் ஆப்ஜெக்ட், அதுவும் ஐந்து லேயருக்கு. டைல்மேப் உருவாக்கும்போது காலிக் கட்டங்களுக்கு ‘நல்’ (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) போடச் சொல்லும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அது பாரத்தைப் பெருமளவு குறைக்கும். அதைப் போட்டால், பிறகு அந்தக் காலிக் கட்டங்களில் கேம் நடுவே புது டைல் வைக்க முடியாது. இவ்வளவு பெரிய மேப்பை ஒரே ஃபைலாக வைத்துக்கொண்டு போராடுவதே வீண் என்பேன்.

துண்டு போடுங்கள். 256 × 256 டைல் ஒரு துண்டு. 16 பிக்சல் டைல் என்றால் ஒரு பக்கம் 4,096 பிக்சல். அந்த மேப் முழுவதும் 11 × 6 கட்டமாகப் பிரியும், அதில் வெறும் கடலாக இருப்பதை வரையவே வேண்டாம். டைல்டில் வேர்ல்டு ஃபைல் என்று ஒன்று உண்டு, துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே கேன்வாஸில் பார்த்து வரையலாம். தங்கச்சிமடம் துண்டில் முடியும் சாலை ராமேஸ்வரம் துண்டில் சரியாகத் தொடர்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். வேர்ல்டு ஃபைலில் வரும் இடக்குறிகள் டைல் கணக்கில் இல்லை, பிக்சல் கணக்கில். இரண்டாவது துண்டு 256-இல் தொடங்காது, 4096-இல் தொடங்கும். மேப்பை எக்ஸ்போர்ட் செய்தாலும் வேர்ல்டு ஃபைல் மாறாது, அதில் டிஎம்எக்ஸ் பெயர்களே இருக்கும். கேமில் அந்தப் பெயரின் வாலை வெட்டி ஜேசன் என்று ஒட்டிக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை.

துண்டு போடச் சோம்பி, ‘இன்ஃபினிட்’ மேப்பாக வைப்பவர்களும் உண்டு. அதில் ‘டேட்டா’ இருக்காது. ‘சங்க்ஸ்’ (துண்டுகள்) என்று 16 × 16 கட்டங்களாக வரும், காலிச் சதுரங்கள் எழுதப்படுவதே இல்லை. இடத்தை நன்றாகச் சேமிக்கும். சொந்த லோடர் எழுதியவர்கள் ‘டேட்டா’வைத் தேடி, கிடைக்காமல் நிற்பார்கள். அதைவிடக் கஷ்டம், தொடக்கப் புள்ளிக்கு இடப்பக்கமோ மேற்பக்கமோ கை தவறி ஒரு டைல் வைத்துவிட்டால் அந்தச் ‘சங்க்’ இருக்கும் இடம் மைனஸ் 16 என்று வரும். மைனஸை எதிர்பார்க்காத லோடர் அங்கேயே உட்கார்ந்துவிடும், அல்லது மொத்த மேப்பையும் 16 கட்டம் தள்ளி வைக்கும். டைல்களும் ஆப்ஜெக்ட்டுகளும் சரியாக 16-இன் மடங்கில் விலகி நின்றால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

இனி, ஒரு சில டைல் மட்டும் காணாமல் போவது. பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் பார்க்க நன்றாக இருக்காதென்று சிலவற்றை எக்ஸ் அழுத்தித் திருப்பி வைத்திருப்பீர்கள். திருப்பாத பனை வருகிறது, திருப்பியது வரவில்லை. ஜேசனில் பாருங்கள்: திருப்பாததற்கு 37, திருப்பியதற்கு 2147483685. பயப்படவேண்டாம், அதுவும் அதே 37-தான். எண்ணின் மேல் பிட்டுகளில் டைல்டு கொடி கட்டி வைக்கிறது. இடவலம் திருப்பினால் 2147483648, மேல்கீழ் திருப்பினால் 1073741824, மூலைவாட்டில் திருப்பினால் 536870912 கூடும். கடிகாரத் திசையில் 90 பாகை சுழற்றுவது என்பது மூலைவாட்டுத் திருப்பமும் இடவலத் திருப்பமும் சேர்ந்தது, ஆகவே 37 அப்போது 2684354597 ஆகும். லோடர் முதலில் இந்தக் கொடிகளைப் படித்து வைத்துக்கொண்டு, பிறகு எண்ணை 268435455-ஓடு ‘அண்ட்’ செய்து உண்மையான டைல் எண்ணை எடுக்கவேண்டும். வரையும்போது மூலைவாட்டை முதலில் திருப்பி, அதன் பிறகு மற்ற இரண்டையும் திருப்பவேண்டும். வரிசை மாறினால் சுழற்றிய டைல் தலைகீழாகும்.

ஃபேசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். சொந்த லோடர்தான் தடுக்கி விழும், அதுவும் மொழிக்கு மொழி வேறு விதமாக. சி ஷார்ப்பில் இன்ட் என்று படித்தால் 2147483647-க்கு மேல் இடமில்லை என்று ஓவர்ஃப்ளோ பிழை வந்து நின்றுவிடும், யுஇன்ட் என்று மாற்றவேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பிழையே வராது. பிட் கணக்கு செய்ததும் எண் மைனஸ் 2147483611 என்று ஆகி, நீங்கள் எழுதிய ‘பூஜ்யத்தைவிடப் பெரிதா’ என்ற சோதனையில் சத்தமில்லாமல் கழிந்துவிடும். சத்தம் போடுகிற பிழையே மேல்.

எல்லா டைலும் வருகிறது, ஆனால் தப்பான டைல் வருகிறது என்றால் டைல்செட் படத்தைப் பாருங்கள். டைல்டு எண்ணுவது இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரி. 8 காலம் (நெடுவரிசை) உள்ள படத்தில் 3-ஆவது வரியின் முதல் டைல் 16-ஆம் எண், பூஜ்யத்திலிருந்து எண்ணினால். உடைமரமும் கருவேலமும் சேர்க்க இடம் போதவில்லை என்று படத்தை அகலத்தில் நீட்டி 10 காலம் ஆக்கினால் அதே டைல் 20-ஆம் எண் ஆகிவிடும். டைல்டு இதைக் கண்டுபிடித்து, காலம் எண்ணிக்கை மாறியிருக்கிறது, மேப்பில் உள்ள எண்களைத் திருத்தவா என்று கேட்கும். அவசரத்தில் ‘நோ’ கொடுத்தால் போயிற்று. ‘யெஸ்’ கொடுத்தாலும் அப்போது திறந்திருந்த மேப்தான் நம் கண்ணெதிரே திருந்தும். மற்ற துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் விடக்கூடாது, எல்லாவற்றையும் புதிதாக எக்ஸ்போர்ட் செய்தே ஆகவேண்டும். படத்தை எப்போதும் கீழ்ப்பக்கம் நீட்டுங்கள், இந்தத் தொல்லையே கிடையாது.

படம் வரைபவர் கீழக்கரையில், நிரல் எழுதுபவர் மண்டபத்தில், நடுவே வாட்ஸ்அப் என்று வேலை செய்யும் குழுக்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டைல்செட் பிஎன்ஜியைப் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காகிவிடும். ஒளி ஊடுருவும் பகுதி கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பும், டைல் ஓரங்களில் அழுக்குப் படியும், படம் பெரிதாக இருந்தால் அளவும் சுருங்கும். அளவு சுருங்கினால் காலம் கணக்கு மாறும், காலம் கணக்கு மாறினால் மேலே சொன்ன கூத்து. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஜேசனில் உள்ள ‘இமேஜ்வித்’, ‘இமேஜ்ஹைட்’ எண்களோடு ஒத்துப் பாருங்கள். பத்து நொடி வேலை.

டைல்களுக்கு நடுவே மயிரிழை போலக் கோடு தெரிகிறதென்றால் அது எக்ஸ்போர்ட் சம்பந்தப்பட்டதே இல்லை. கேமராவை 1.5 மடங்கு என்று பெரிதாக்கும்போது, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) டைலின் ஓரப் பிக்சலை எடுக்கும் இடத்தில் பக்கத்து டைலின் நிறத்தையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துவிடுகிறது. வாலிநோக்கம் உப்பளத்தின் வெள்ளைத் தரையில் நீலக்கோடு ஓடினால், டைல்செட்டில் உப்புக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு டைலின் ஓரத்தையும் சுற்றிலும் ஒரு பிக்சல் நீட்டி வைக்கவேண்டும். 16 பிக்சல் டைல் 18 ஆகும், 8 காலம் 144 பிக்சல் ஆகும். டைல்செட்டில் மார்ஜின் 1, ஸ்பேசிங் 2. மார்ஜினை 0 என்று விட்டுவிட்டால் எல்லா டைலும் ஒரு பிக்சல் நகர்ந்து, கோடு போவதற்குப் பதில் தடிக்கும். இதைச் செய்த பிறகும் ஜேசனைப் புதுப்பிக்கவேண்டும், ஏனென்றால் மார்ஜினும் ஸ்பேசிங்கும் அதற்குள்தான் இருக்கின்றன.

கீழே இறங்கிக் கிடக்கும் வத்தைகளுக்கு வருவோம். டைல்டில் செவ்வக ஆப்ஜெக்டின் இடக்குறி அதன் இடது மேல் மூலை. டைலை ஆப்ஜெக்டாக வைத்தால், சாதாரண ஆர்த்தோகனல் (நேர்ச்சதுரக் கட்ட) மேப்பில் இடக்குறி இடது கீழ் மூலை. இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து வரைகிற லோடரில் செவ்வகங்கள் சரியாக இருக்கும், படகுகள் மட்டும் தவறாக இருக்கும். ஸ்பிரைட்டின் (திரையில் வரையும் படத்தின்) மூலப்புள்ளி நடுவில் இருந்தால் பாதி உயரமும் பாதி அகலமும் விலகும், மேல் மூலையில் இருந்தால் முழு உயரம் கீழே இறங்கும். கீழ் மூலையிலிருந்து உயரத்தைக் கழித்து மேல் மூலையைக் கண்டுபிடிக்கவேண்டும். சுழற்றிய படகானால் அதுவும் போதாது, ஏனென்றால் சுழற்சி அந்தக் கீழ் மூலையைச் சுற்றியே நடக்கிறது. ஸ்பிரைட்டின் மூலப்புள்ளியையே இடது கீழாக வைத்துவிட்டால் கழித்தல் கூட்டல் எல்லாம் மிச்சம். டைல்செட் பிராப்பர்ட்டியில் ‘ஆப்ஜெக்ட் அலைன்மென்ட்’ என்று இந்த மூலையை மாற்றும் வசதியும் இருக்கிறது. அதை நடுவில் மாற்றினால் பழைய ஆப்ஜெக்ட்டுகள் இடம் பெயர்ந்து தெரியும். தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாம்பன் பாலத்தை எப்படி வைப்பது என்பதும் இதில்தான் அடங்கும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆகவே நம் அளவில் 200 டைலுக்குக் கொஞ்சம் அதிகம். அது டைல் லேயரில் அடங்கிவிடும். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதி 72.5 மீட்டர், அதாவது ஏழே கால் டைல். கால் டைல் என்று ஒன்று கிடையாது, தவிர அது அசையவும் வேண்டும். தனி டைல் ஆப்ஜெக்டாக வைத்து அகலத்தை 116 பிக்சலாகக் கொடுங்கள். ஆனால் படங்களின் தொகுப்பாக டைல்செட் வைத்து, அதிலிருந்து எடுத்து டைல் லேயரில் வரைந்தால் ஃபேசர் வரையாது. ஒரே படமாக இருக்கும் டைல்செட்தான் டைல் லேயருக்கு உதவும்.

ஆப்ஜெக்டின் பிராப்பர்ட்டி காணாமல் போவது இன்னொரு வழக்கு. கஸ்டம் டைப் எடிட்டரில் ‘வத்தை’ என்று ஒரு வகை உருவாக்கி, அதற்கு வேகம் 40 என்று இயல்பு மதிப்பு கொடுத்தீர்கள். எடிட்டரில் ஒவ்வொரு வத்தையிலும் 40 தெரிகிறது. ஜேசனில் இல்லை. டைல்டு இயல்பு மதிப்பை எழுதாது, நீங்கள் மாற்றிய மதிப்பை மட்டும்தான் எழுதும். எக்ஸ்போர்ட் ஆப்ஷனில் ‘ரிசால்வ் ஆப்ஜெக்ட் டைப்ஸ் அண்ட் பிராப்பர்ட்டிஸ்’ போட்டால் எல்லாம் விரிந்து வரும். டெம்ப்ளேட் பயன்படுத்தியிருந்தால் ‘டிடாச் டெம்ப்ளேட்ஸ்’ஸும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆப்ஜெக்டுக்குப் பதில் டெம்ப்ளேட் ஃபைலின் பெயர் மட்டும் வந்து நிற்கும்.

வகையே காணோம் என்றால் பதிப்பைப் பாருங்கள். டைல்டு 1.9-இல் ஆப்ஜெக்டின் ‘டைப்’ என்ற சொல்லை ‘கிளாஸ்’ என்று மாற்றினார்கள். 1.10-இல் ஆப்ஜெக்டுக்கும் டைலுக்கும் பழையபடி ‘டைப்’ என்றே ஆக்கிவிட்டார்கள். குழுவில் ஒருவர் மட்டும் 1.9 வைத்திருந்தால், அவர் எக்ஸ்போர்ட் செய்த துண்டில் மட்டும் படகு, மீனவர், கலங்கரை விளக்கம் எதுவும் உயிர் பெறாது, மற்ற துண்டுகளில் சரியாக இருக்கும். ஜேசனில் ‘டைல்டுவெர்ஷன்’ என்ற வரியை எல்லாத் துண்டிலும் ஒப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

மோதல் பற்றிச் சுருக்கமாக. டைலுக்குள் கொலிஷன் எடிட்டரில் வரைந்த வடிவங்கள் ஜேசனில் ஒழுங்காகவே போய்ச் சேர்கின்றன. ஃபேசரின் ஆர்கேட் பிசிக்ஸ் அவற்றைக் கண்டுகொள்ளாது, முழுச் சதுர டைல் மட்டுமே அதற்குத் தெரியும். சாய்ந்த கரை வேண்டுமானால் ஃபேசரின் இன்னொரு பிசிக்ஸான மேட்டருக்குப் போகவேண்டும். பிராப்பர்ட்டி வைத்து மோதல் கொடுப்பவர்கள் அதன் வகையைப் பாருங்கள். பூலியன் ‘ட்ரூ’வும், ஸ்ட்ரிங்காகத் தட்டிய ‘ட்ரூ’வும் எடிட்டரில் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும், நிரலில் ஒத்துப்போகாது. அலைவாய்க்கரையில் நிற்கவேண்டிய ஆள் நேராகக் கடலுக்குள் நடந்து போய்விடுவார்.

லேப்டாப்பில் ஓடி, ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் 404 வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பெரிய எழுத்து சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. விண்டோஸில் ஃபைல் பெயரில் எழுத்தை மட்டும் பெரிதிலிருந்து சிறிதாக மாற்றினால் கிட் (பதிப்புகளைக் காக்கும் கருவி) அதைக் கவனிக்காமல் விடவும் கூடும். வேறு பெயருக்கு மாற்றிக் கமிட் செய்துவிட்டு, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றுங்கள்.

துண்டுகள் பத்தைத் தாண்டினால் கையால் எக்ஸ்போர்ட் செய்வதை விட்டுவிடுங்கள். டைல்டைக் கட்டளை வரியிலிருந்து அழைத்து, மூல டிஎம்எக்ஸ், போகவேண்டிய ஜேசன் இரண்டையும் கொடுத்தால் விண்டோ திறக்காமலே எக்ஸ்போர்ட் முடியும். எம்பெட், டிடாச், ரிசால்வ், மினிமைஸ் நான்குக்கும் கட்டளையோடு சேர்க்கும் கொடிகள் (ஆப்ஷன் சொற்கள்) உண்டு. அவற்றைக் கட்டளையிலேயே எழுதிவிடுங்கள், அப்போதுதான் யார் கணினியில் ஓட்டினாலும் ஒரே மாதிரி ஜேசன் வரும். ஃபோல்டரில் உள்ள எல்லா டிஎம்எக்ஸுக்கும் இதைச் சுற்றில் ஓட்டும் நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும். அதன் கடைசியில் ஒரு சோதனையும் சேருங்கள்: ஒவ்வொரு ஜேசனும் ‘சோர்ஸ்’ உள்ள டைல்செட் எதுவும் இல்லாமல் இருக்கிறதா, ‘கம்ப்ரஷன்’ வெறுமையா, பெயர்கள் என்எஃப்சி வடிவில் உள்ளனவா. ஒன்று தவறினாலும் அந்தத் துண்டின் பெயரை அச்சிட்டு நிற்கட்டும்.